பக்கம் நம்முடையது, மதகு யார் கையில்?

பரம்பிக்குளம் அணை எந்த மாநிலத்தில் இருக்குன்னு வீட்டில் பிள்ளைங்ககிட்ட கேட்டுப் பாருங்க. மேப்பைப் பார்த்துட்டு கேரளா, பாலக்காடு மாவட்டம்னு சொல்லுவாங்க. சரிதான். அதோட ஷட்டரை ஏத்தி இறக்குறது யாருன்னு அடுத்த கேள்வி கேளுங்க. தமிழ்நாடு. அந்த அணைக்குப் போற ரோடு கூட பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாத்தான் போகுது. கேரளாக்காரர் தன் ஊர் அணையைப் பார்க்கணும்னா தமிழ்நாட்டுக்குள்ள புகுந்துதான் வரணும்.

இன்னும் தெற்கே, இடுக்கியில் முல்லைப்பெரியாறு. 1886 அக்டோபர் 29ல் திருவிதாங்கூருக்கும் அன்றைய ஆங்கில அரசுக்கும் 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம். 1895ல் அணை வேலை முடிந்தது. நிலம் கேரளாவில், இயக்குவது தமிழ்நாடு, தண்ணி போறது தேனி, மதுரைப் பக்கம்.

எங்க சித்தூர் தாலூக்கா கதை இதுக்குத் தலைகீழ். 1970 மே 29ல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி, வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணியை மணக்கடவு அணைக்கட்டில் கேரளாவுக்கு விடணும். வயல் இங்கே, மதகு அங்கே. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்தவங்களுக்கு இது பாடப்புத்தகத்தில் படிச்ச விஷயம் இல்லை. "மணக்கடவுல தண்ணி விட்டாச்சாமா?"ங்கறது எங்க அப்பா காலத்தில் தினசரி விசாரிப்பு.

அணை அரசியல் பேச நான் வரலை. அதுக்கு வேற ஆளுங்க நிறைய இருக்காங்க :-) நான் சொல்ல வந்தது கம்ப்யூட்டர் விஷயம். வலைப்பக்கத்தில் நாம எழுதுற எழுத்துக்கு நடுவுல, வேற யாரோ எழுதின நிரலை ஒட்டி ஓடவிடுறோமே, அந்தப் பழக்கத்தோட வரலாறு. பக்கம் நம்முடையது, மதகு வேற ஒருத்தர் கையில். எல்லைப்புறத்துக்காரனுக்கு இந்த ஏற்பாடு சட்டுனு புரியும். அந்த தைரியத்தில்தான், பி.காம். படிச்ச பேங்க் ஆபீசரான நான் இதை எழுதறேன்.

முதலில் கொஞ்சம் பின்னாடி போவோம்.

டிம் பெர்னர்ஸ்-லீ 1991ல் உலகுக்குத் திறந்துவிட்ட வலை ரொம்ப சாது. எழுத்து, தலைப்பு, இன்னொரு பக்கத்துக்குப் போகச் சுட்டி. அவ்வளவுதான். நம்ம பழைய பாஸ்புக் மாதிரி. எழுதினதைக் காட்டும், தானா எதுவும் செய்யாது.

1995ல் ரெண்டு விஷயம் நடந்தது. ஜூன் மாதம் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்தப் பக்கத்துக்காக எழுதி வைத்திருந்த சில கருவிகளைப் பொதுவில் விட்டார். அதுதான் பின்னாளில் பி.எச்.பி. ஆச்சு. அதே வருஷம் மே மாதம் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஒரு மொழிக்கு முதல் வடிவம் கொடுத்தார். டிசம்பரில் அதை ஜாவாஸ்கிரிப்ட்னு பேர் வைத்து அறிவிச்சாங்க.

ரெண்டுக்கும் வித்தியாசம் என்னன்னா, பி.எச்.பி. சமையல்கட்டில் வேலை பார்க்கும். வழங்கியில் எல்லாம் சமைச்சு முடிச்சு, சாப்பாட்டை மட்டும் பந்திக்கு அனுப்பும். ஜாவாஸ்கிரிப்ட் அடுப்பையே இலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும். அதாவது படிக்கிறவருடைய கம்ப்யூட்டரில், அவருடைய உலாவிக்குள்ள ஓடும். சாப்பிட உட்கார்ந்தவருக்கு அடுப்பு யாருடையதுன்னு தெரியாது.

அன்னையிலிருந்து பக்கம் வெறும் பாஸ்புக் இல்லை. உள்ளே 'இதைச் செய்'னு கட்டளைகளும் இருக்கு. பேங்க் பாஷையில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன். பாஸ்புக் என்ட்ரி தப்பா இருந்தா திருத்திக்கலாம். ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் தப்பா இருந்தா ஒவ்வொரு மாசமும் பணம் போயிட்டே இருக்கும்.

இப்போ தமிழுக்கு வருவோம். மத்த மொழிக்காரங்க அலங்காரத்துக்காக நிரல் ஒட்டினாங்க. பனி கொட்டுறது, கடிகாரம் ஓடுறது, எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணுறது. நமக்கு அப்படி இல்லை. எழுத்து தெரியவே நிரல் தேவைப்பட்டது.

1995ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை வலையில் ஏற்றினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலிருந்தே முரசு அஞ்சலை வளர்த்துட்டிருந்தார். ஆனா பொதுவா ஒத்துக்கிட்ட குறியீடு புழக்கத்தில் இல்லை. யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் கொடுத்தாச்சு. விண்டோஸ் அதைக் காட்ட ஆரம்பிச்சது விண்டோஸ் 2000ல்தான். நடுவில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடத்தி டாம், டாப்னு தரப்படுத்தினாங்க. உலகத் தமிழர்கள் பலர் கூடி டிஸ்கின்னு இன்னொன்று வைச்சிருந்தாங்க. சித்தூர் காலேஜ் படிச்ச காலத்தில் நெட் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, ஒரு பேப்பரைத் திறந்தா தமிழ், இன்னொன்றைத் திறந்தா பிரெஞ்சு மாதிரி கிறுக்கல்னு பார்த்த தலைமுறை நாங்க.

இதுக்கு வழியா வந்தது இயங்கு எழுத்துரு. 1997ல் நெட்ஸ்கேப் ஒரு முறையையும், மைக்ரோசாஃப்ட் இன்னொரு முறையையும் கொண்டுவந்தாங்க. படிக்கிறவர் கம்ப்யூட்டரில் எழுத்துரு இல்லைன்னாலும், பக்கத்திலேயே நாலு வரி நிரல் இருக்கும். அது வேற ஒரு வழங்கியிலிருந்து எழுத்துருவை இழுத்துட்டு வந்து தமிழைக் காட்டும். நெட்ஸ்கேப்புக்குச் செய்தது எக்ஸ்ப்ளோரரில் தானா வேலை செய்யாது. எக்ஸ்ப்ளோரருக்குச் செய்தது ஃபயர்ஃபாக்ஸில் தெரியாது. ஆனாலும் அது பெரிய உபகாரம்.

இங்கே ஒருத்தர் பேரைச் சொல்லாமப் போனா நன்றிகெட்டதனம். அதிராம்பட்டினம் உமர்தம்பி. துபாயில் பல வருஷம் வேலை பார்த்தவர். நம்மை மாதிரி வளைகுடாப் பிழைப்பு. யூனிகோடுக்கு 'தேனீ'ன்னு எழுத்துரு செய்து, அதை இயங்கு எழுத்துருவாகவும் கொடுத்தார். விண்டோஸ் 98 வைத்திருந்தவங்களும் யூனிகோடு தமிழைப் படிக்க முடிஞ்சது அதனாலதான். எத்தனையோ பதிவுகளின் டெம்ப்ளேட்டில் அந்த வரிகள் இருந்தது. காசு கேட்காம கொடுத்தார். 2006 ஜூலையில் காலமானார்.

அதே மாதிரி சுரதா யாழ்வாணன். ஈழத்தமிழர். பாமினி, டிஸ்கின்னு எதில் எழுதியிருந்தாலும் யூனிகோடுக்கு மாத்திக் கொடுக்கிற ஒரு பக்கத்தை ஜாவாஸ்கிரிப்டில் எழுதி வைத்தார். பொங்குதமிழ். எதையும் நிறுவ வேண்டாம். பக்கத்தைத் திறந்து, இந்தப் பெட்டியில் ஒட்டினா அந்தப் பெட்டியில் தமிழ் வரும். பக்கத்துக்குள்ள ஓடுகிற நிரலால் என்ன நன்மைன்னு கேட்டா, நான் காட்டுற முதல் உதாரணம் இதுதான்.

எல்லைக்காரங்களுக்கு இன்னொரு சௌகரியமும் கிடைச்சது. மலையாளப் பேப்பர்களும் இதே தனி எழுத்துருத் தொல்லையில்தான் இருந்தது. ஃபயர்ஃபாக்ஸுக்கு பத்மான்னு ஒரு நீட்சி வந்தது. போட்டுக்கிட்டா தெலுங்கு, மலையாளம், தமிழ்னு பல பழைய எழுத்துருப் பக்கங்களைப் படிக்கிறப்பவே யூனிகோடா மாத்திக் காட்டும். காலையில் மலையாளப் பேப்பர், சாயங்காலம் தமிழ்ப் பேப்பர்னு வளர்ந்த எங்களுக்கு அது வரப்பிரசாதம்.

2003லிருந்து வலைப்பதிவுக் காலம். ப்ளாகரை அந்த வருஷம் பிப்ரவரியில் கூகிள் வாங்கினது. மே 27ல் வேர்ட்பிரஸ் முதல் பதிப்பு வந்தது. 2004 மே மாதம் வந்த வேர்ட்பிரஸ் 1.2ல்தான் ப்ளக்-இன் ஏற்பாடு. மூல நிரலைத் தொடாமலே, வெளியே இருந்து ஒரு துண்டைச் செருகி புது வசதி சேர்த்துக்கலாம். நம்மாளுங்க இதுக்கு செருகுநிரல், சொருகின்னு விதவிதமா பேர் வைச்சாங்க.

2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார். உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த தமிழ்ப் பதிவுகள் ஒரே இடத்தில். பிறகு அதோட கருவிப்பட்டை வந்தது. டெம்ப்ளேட்டில் சில வரி ஒட்டினா ஒவ்வொரு இடுகைக்கும் கீழே ஒரு பட்டை. புது இடுகையைத் திரட்டிக்கு அனுப்பலாம், வாசகர் ஓட்டுப் போடலாம். அதைச் சரியா ஒட்டத் தெரிஞ்சவர் அன்னைக்கு நண்பர் வட்டத்தில் டாக்டர் மாதிரி. தமிழ் வாத்தியாரும், நர்ஸும், கணக்கரும் டெம்ப்ளேட்டைத் திறந்து 'பாடி' எங்கே முடியுதுன்னு தேடினது அந்தக் கருவிப்பட்டைக்காகத்தான்.

அப்புறம் ஒவ்வொண்ணா சேர்ந்தது. வருகைக் கணக்கு, விருந்தினர் ஏடு, எந்த நாட்டுக்கொடி வந்ததுன்னு காட்டுற பெட்டி, இன்னும் நாலு திரட்டியோட ஓட்டுப்பட்டை. அன்றைய முறையில் ஒட்டின ஸ்கிரிப்ட் வரி ஒவ்வொண்ணையும் உலாவி பார்த்ததும், மேற்கொண்டு பக்கத்தைக் காட்டுறதை நிறுத்திட்டு அந்த வழங்கிக்கு ஓடும். அது பதில் தந்தாத்தான் அடுத்த வரி. ஏதோ ஒரு நாட்டில் ஒரு வழங்கி படுத்துக்கிட்டா, நம்ம பக்கம் வெள்ளையா நிக்கும். மணக்கடவுல ஷட்டர் திறக்காத நாள் மாதிரி.

திரட்டிகளின் காலம் போயிடுச்சு. அந்த வரிகள் இன்னும் பல பழைய டெம்ப்ளேட்டில் இருக்கு.

இடுகைக்குள்ளேயே நிரல் ஓட்டுற ஆசை அடுத்த படி. வேர்ட்பிரஸில் இடுகையில் பி.எச்.பி. எழுதினா சாதாரணமா ஓடாது. எக்ஸெக்-பி.எச்.பி. மாதிரி செருகுநிரல்கள் வந்து அதை ஓட வைத்தது. வீட்டுக்கடன் தவணைக் கணக்கு வேணுமா, இடுகைக்கு நடுவிலேயே சூத்திரத்தை எழுதிடலாம். வசதிதான். ஆனா இடுகை எழுத அனுமதி இருக்கிறவர் இப்போ வெறும் எழுத்தாளர் இல்லை. வழங்கியையே இயக்கக்கூடிய ஆள். கேஷ் கவுண்டரில் உட்கார வந்தவர் கையில் ஸ்ட்ராங் ரூம் சாவி.

2008 மார்ச்சில் வேர்ட்பிரஸ் 2.5 ஷார்ட்கோட் முறையைக் கொண்டுவந்தது. நிரலை இடுகையில் எழுத வேண்டாம். சதுர அடைப்புக்குள்ள ஒரு சொல் மட்டும் எழுதணும். படிக்கிறப்ப அந்த இடத்தில் செருகுநிரல் வேலையைச் செய்து விடையைப் போடும். சாவி பத்திரமா வேற இடத்தில். நல்ல முன்னேற்றம். ஒரே சிக்கல், செருகுநிரலை எடுத்துட்டா அந்த அடைப்புக்குறிச் சொல் அம்மணமா பக்கத்தில் நிக்கும். பழைய பதிவுகளில் "கேலரி", "வீடியோ"ன்னு அடைப்புக்குள்ள ஒரு சொல் மட்டும் அனாதையா நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அங்கே ஒரு காலத்தில் யாருடையோ கல்யாணப் படங்கள் இருந்தது.

இந்த இடத்தில் பி.காம். ரெண்டாம் வருஷப் பாடம் ஒண்ணு ஞாபகத்துக்கு வரும். 1872ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். 182ம் பிரிவில் முகவர் யார், முதல்வர் யார்னு வரையறை. முகவர் தன் அதிகாரத்துக்குள்ள செய்கிற காரியம் முதல்வரைக் கட்டும். 190ம் பிரிவு இன்னும் முக்கியம். தான் நேரில் செய்கிறேன்னு ஒத்துக்கிட்ட வேலையை, தொழில் வழக்கமோ வேலையின் தன்மையோ இடம் கொடுத்தால் ஒழிய, முகவர் இன்னொருத்தரிடம் தள்ளிவிட முடியாது. ஏன்னா நாம நம்பினது அவரை, அவர் கூட்டிட்டு வர்ற ஆளை இல்லை.

பக்கத்தில் ஒட்டுற நிரல் நம்முடைய முகவர். நம்ம பேரில், நம்ம வாசல்ல நின்னு, நம்மைப் பார்க்க வந்தவரிடம் பேசுது. அது இன்னொரு வழங்கியிலிருந்து இன்னொரு நிரலைக் கூப்பிடும். அது துணை முகவர். அது இன்னொன்றைக் கூப்பிடும். வாசலில் இப்போ நிக்கிறது யாருன்னு வீட்டுக்காரருக்கே தெரியாது.

என்ன ஆகும்னு வரலாறே சொல்லியிருக்கு.

2005 அக்டோபர் 4. அன்னைக்குப் பிரபலமா இருந்த மைஸ்பேஸில் சாமி காம்கார்ங்கற இளைஞர் தன் சுயவிவரப் பக்கத்தில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துண்டை மறைச்சு வைத்தார். தளம் ஸ்கிரிப்டைத் தடுக்குற வடிகட்டி வைச்சிருந்தது. அவர் அதைத் தாண்டிட்டார். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர் ஒவ்வொருத்தரும் அவருக்கு நண்பராச் சேர்க்கப்பட்டாங்க, அவங்க பக்கத்துக்கும் அந்தத் துண்டு ஒட்டிக்கிச்சு. ஒரு நாள் முடியுறதுக்குள்ள பத்து லட்சம் பேரைத் தாண்டிடுச்சு. விளையாட்டுக்குச் செய்ததுதான். ஆனா வழக்கு, தண்டனை வரைக்கும் போச்சு.

2017ல் டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்னு ஒரு வேர்ட்பிரஸ் செருகுநிரல். சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்தது. எழுதினவங்க அதை வித்துட்டாங்க. வாங்கினவர் அப்டேட்டில் கள்ளக்கதவு வைத்து அனுப்பினார். தளம் வைத்திருந்தவங்க எந்தத் தப்பும் செய்யலை. ஒழுங்கா அப்டேட் போட்டாங்க, அவ்வளவுதான்.

2018ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ். ஆகஸ்டிலிருந்து செப்டம்பர் வரை, பணம் கட்டுற பக்கத்தோட ஒரு நிரலில் திருடங்க 22 வரி சேர்த்து வைத்தாங்க. கார்டு நம்பரைத் தட்டினா கம்பெனிக்கும் போகும், திருடனுக்கும் போகும். 4 லட்சத்துக்கும் மேற்பட்டவங்க விவரம். 2020 அக்டோபரில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2 கோடி பவுண்ட் அபராதம் போட்டது. இடுகை அளவுகூட இல்லாத ஒரு துண்டு எழுத்துதான் கார்டு விவரத்தைத் திருடனுக்கு அனுப்பினது.

2024ல் நடந்தது எங்க ஊர்க்கதைக்கு ரொம்ப நெருக்கம். பாலிஃபில்-ன்னு ஒரு நல்ல நிரல். பழைய உலாவிகளிலும் புதுப் பக்கங்கள் ஓட உதவுறது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை ஒரே முகவரியிலிருந்து இழுத்துக்கிட்டிருந்தது. பிப்ரவரியில் அந்த முகவரியை வேற ஒரு நிறுவனம் வாங்கினது. முதலில் அதை எழுதினவரே, உடனே எடுத்துடுங்கன்னு எச்சரிச்சார். ஜூனில் அந்த முகவரியிலிருந்து வேற சரக்கு வர ஆரம்பிச்சது. மொபைலில் படிக்க வந்தவங்களைச் சூதாட்டத் தளத்துக்குத் தள்ளிவிட்டது. மதகு கை மாறினது வயல்காரங்க பலருக்குத் தெரியவே இல்லை.

நிஜ மதகிலும் இப்படி நடக்கும். 2022 செப்டம்பர் 21 விடியக்காலை, பரம்பிக்குளம் அணையோட நடு ஷட்டர் பெயர்ந்துடுச்சு. யாரும் சதி செய்யலை, யாரும் திறந்துவிடலை. ஆயிரக்கணக்கான கன அடி தண்ணி சாலக்குடி ஆற்றுப் பக்கம் பாய்ஞ்சு, கீழே இருந்த ஊர்களுக்கு எச்சரிக்கை விட்டாங்க. ஷட்டர் பழுதானா நனையப் போறது இயக்குறவர் இல்லை, கீழே இருக்கிறவர்.

சரி, நிரலே வேண்டாமா? அப்படிச் சொன்னா உமர்தம்பிக்கும் சுரதாவுக்கும் துரோகம். மதகு இல்லாம சித்தூரில் நெல்லு ஏது? மதகு யார் கையில், நமக்குத் தெரியுமா, தேவைப்பட்டா அடைக்க முடியுமா, இதுதான் கேள்வி.

இதுக்கு நல்ல விடை எங்க கேரளாவிலேயே இருக்கு. 2001ல் திருவனந்தபுரத்தில் இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கினது. அதே காலத்தில் பள்ளிக்கூடங்களுக்கு ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் வந்தது. 2017ல் அது கைட் என்கிற அரசு நிறுவனமா மாறினது. பள்ளிக் கம்ப்யூட்டர்களில் ஓடுவது குனு/லினக்ஸ். சித்தூர் பக்கமும் மூணாறு, தேவிகுளம் பக்கமும் தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைங்களும் அதில்தான் கத்துக்கிறாங்க. யார் வேணும்னாலும் திறந்து படிக்கலாம், மாத்தலாம், காப்பி எடுத்து வைச்சுக்கலாம்ங்கற நிரல்.

இன்னொன்று. விக்கிப்பீடியாவில் தமிழ்99, ஒலிபெயர்ப்புன்னு பக்கத்துக்குள்ளேயே தட்டச்சு செய்யுற வசதி இருக்கில்லையா, அந்த நிரலை எழுதினவங்களில் முக்கியமானவர் சந்தோஷ் தோட்டிங்கல். மலையாளி. அதுவும் பக்கத்துக்குள்ள ஓடுற ஜாவாஸ்கிரிப்ட்தான். ஆனா விக்கிப்பீடியாவின் சொந்த வழங்கியிலிருந்தே வருது, மூலம் திறந்து கிடக்கு. அதைச் செய்தவர் நாளைக்கு வேற வேலைக்குப் போனாலும் நம்ம கீபோர்டு நிக்காது. பத்திரிகைகளும் திரட்டிகளும் நடத்தின தமிழ் முயற்சிகளில் நமக்கு வாய்க்காதது இதுதான்.

கடைசியா எது மிஞ்சினதுன்னு பார்ப்போம்.

1998 பொங்கலுக்கு, சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகமெங்கும் இருந்து தன்னார்வலர்கள் பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்தாங்க. ஆரம்பத்தில் யூனிகோடு கிடையாது. பிறகு டிஸ்கிக்குப் போச்சு, டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் மாத்த முடிஞ்சது. ஏன்? அது வெறும் எழுத்து. இந்த எண்ணுக்கு இந்த எழுத்துன்னு ஒரு அட்டவணை இருந்தா போதும். எழுத்துரு செத்தாலும் எழுத்து சாகலை.

அதே காலத்துப் பக்கங்கள் எத்தனையோ ஜியோசிட்டீஸில் இருந்தது. 2009 அக்டோபரில் யாகூ அதை மூடினது. ஃப்ளாஷில் செய்த பக்கங்கள் 2020 டிசம்பர் 31ஓட முடிஞ்சது. இயங்கு எழுத்துருக்களை இன்றைய உலாவிகள் சீந்துவதில்லை.

ஷார்ஜாவில் இருக்கிற எங்க ஊர் நண்பர் ஒருத்தர் 2006ல் சித்தூர் கொங்கன்படைத் திருவிழா பத்தி ஒரு பக்கம் செய்தார். தன் பாட்டி சொன்ன கதைகளை உட்கார்ந்து தட்டச்சு செய்து போட்டார். கூடவே படங்களை ஃப்ளாஷ் ஸ்லைட்-ஷோவா, பாட்டி குரலை ஒரு இலவச சேவையின் நிரல்துண்டா ஒட்டியிருந்தார். இப்போ அந்தப் பக்கத்தைத் திறந்தா, தட்டச்சு செய்த கதை அப்படியே இருக்கு. படம் இருந்த இடத்தில் சாம்பல் கலர் கட்டம். குரல் இருந்த இடத்தில் ஒண்ணுமே இல்லை. அந்த இலவச சேவை எப்பவோ கடையைக் கட்டிட்டது. பாட்டியும் இப்போ இல்லை. அவர் பொண்ணுக்குப் படிச்சுக் காட்ட வார்த்தை மிஞ்சியிருக்கு, கேட்க வைக்கக் குரல் மிஞ்சலை.

நம்மை மாதிரி வெளியூரில் இருக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லைங்க. ஊரில் இருக்கிறவருக்கு ஊரே ஆவணம். நமக்கு இந்தப் பக்கங்கள்தான். சங்கத்துப் பக்கம், கோயில் கமிட்டிப் பக்கம், குடும்பப் படங்கள், அம்மாவின் சமையல் குறிப்பு எல்லாம் இதில்தான் இருக்கு.

அதனால் பேங்க்காரன் புத்தியில் நாலு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, எழுத்து தனி, நிரல் தனி. சொல்ல வந்ததை முழுசா எழுத்தில் சொல்லிடுங்க. நிரலை எடுத்துட்டாலும் பக்கம் புரியணும். இடுகைக்குள்ளேயே பி.எச்.பி. எழுதுற வழக்கம் வேண்டவே வேண்டாம். தேவையான துண்டை இடுகைக்கு வெளியே, தனிச் செருகுநிரலா வைங்க.

ரெண்டு, முகவர் பட்டியல் எழுதி வைங்க. எந்த நிரல், எந்த முகவரியிலிருந்து வருது, எதுக்கு. இது என் கற்பனை இல்லை. கார்டு வாங்குற பக்கங்களுக்கான பி.சி.ஐ. விதியின் நாலாம் பதிப்பு, பணம் கட்டுற பக்கத்தில் ஓடுற ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் கணக்கு, அனுமதி, மாறியிருக்கான்னு சோதனை எல்லாம் வேணும்னு சொல்லுது. 2025 மார்ச் 31க்குப் பிறகு அது கட்டாயம். பேங்க்குக்கு வேணும்னா, சங்கத்துப் பக்கத்துக்கும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறதில் தப்பில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் பட்டியலைப் பார்த்து, உபயோகம் இல்லாததை போகியில் போட்டுடுங்க.

மூணு, சாவி எல்லாருக்கும் வேண்டாம். வேர்ட்பிரஸில் சாதாரண எழுத்தாளர் இடுகையில் ஸ்கிரிப்ட் போட்டா அது வெட்டிவிடும். நிர்வாகிக்கும் ஆசிரியருக்கும்தான் அனுமதி. "எல்லாரும் நம்மாளுங்கதானே"ன்னு கமிட்டி முழுக்க நிர்வாகி ஆக்காதீங்க. நம்பிக்கை இல்லாம இல்லை, கேஷுக்கு ரெண்டு சாவி வைக்கிறது நல்லவங்களைக் காப்பாத்தத்தான்.

நாலு, வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தத்தையும் இறக்கி வீட்டில் வைங்க. வேர்ட்பிரஸும் ப்ளாகரும் ரெண்டுமே பதிவுகளை மொத்தமா எடுக்க வழி வைச்சிருக்கு. படம், குரல் கோப்புகளைத் தனியா எடுக்கணும். குறிப்பா குரல்.

7.25 டி.எம்.சி. வரும்னு காகிதத்தில் இருந்தாலும், விவரமான விவசாயி வீட்டில் ஒரு கிணறு இருக்கும். கால்வாய்த் தண்ணி வர்ற வருஷத்திலும் அதைத் தூர்வாரி வைப்பாங்க. நம்ம எழுத்துக்கும் அப்படி ஒரு கிணறு வேணும்.

உங்க சங்கத்திலோ குடும்பத்திலோ 2000களில் செய்த பழைய பக்கம், திறக்காத ஃபைல், டிஸ்கியில் கிடக்கிற கடிதம் ஏதாவது இருக்கா? இருந்தா எழுதுங்க. டிஸ்கி, பாமினியா இருந்தா பெரும்பாலும் மீட்டுடலாம். வெள்ளிக்கிழமை எனக்கு லீவுதான்.